கடன் கொடுத்தோர் பட்டியல்

புந்தோங், ஈப்போ
3 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை

அன்புள்ள அகதாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் நலமும் நம் மகள் வலேரியின் நலமும் அறிய ஆவல். நான் இங்கே நலம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம். இம்முறை அப்படிப் போவதற்கில்லை.

நான் உனக்குக் கடைசியாக எழுதியது டிசம்பர் 18. நீ அனுப்பிய கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை ஜனவரி 6 வந்து சேர்ந்தது. அதில் நீ தேதி குறிப்பிடவில்லை. என்றைக்கு எழுதினாய் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்க 2012இல் நான் வேன் வாங்கிய கடன் உனக்கு நினைவிருக்கும். வேனை 2014இலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். மீதிக் கடனை மறந்துவிட்டார்கள் என்று நான் எண்ணியது தவறு. வட்டியோடு வளர்ந்து அது இப்போது அறுபத்து நாலாயிரம் வெள்ளியாக நிற்கிறது. கடன் நிறுவனம் நீதிமன்றத்தில் கட்டளை வாங்கி, நான் வேலை செய்யும் இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டது. டிசம்பர் சம்பளம் முதல் என்னுடைய ஆயிரத்து எழுநூறில் மாதம் அறுநூறு வெள்ளி பிடித்தம். கடை முதலாளி தவுக்கே நல்ல மனிதர். சம்பள உறையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார்.

அந்த அறுநூறு, வட்டிக்கே சரியாகப் போகிறது. முதல் குறையவில்லை. எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. இந்தக் கணக்கில் நான் இறந்த பிறகும் பல ஆண்டுகள் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

பெர்ச்சாம் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தனேஸ்வரன் என்ற குமாஸ்தாவைச் சந்தித்தேன். நானே மனுப் போட்டுத் திவாலாகிவிட்டால் இந்தப் பிடித்தம் நின்றுவிடும், அதன்பின் என் வசதிக்கேற்ற சிறு தொகையை அரசாங்க அதிகாரியே நிர்ணயிப்பார் என்று விளக்கினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“ஆனா அங்கிள், பேங்க்ரப்ட் ஆவறதுக்கும் காசு வேணும் லா. கட்டணம், டெபாசிட், சத்தியப் பத்திரம், எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் கிட்ட வந்துரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லை என்று நிரூபிக்கக் கையில் இரண்டாயிரம் வேண்டும். அவரும் சிரித்தார்.

உன்னிடம் பணம் கேட்டு இதை எழுதவில்லை. மனுவோடு ஒரு பட்டியல் தர வேண்டும். நான் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேனோ அத்தனை பேரின் பெயர், முகவரி, தொகை, தேதி. சத்தியம் செய்து கொடுக்க வேண்டியது. முதல் பெயர் அந்த நிறுவனம். இரண்டாவது பெயர் நீ. உன் சேமநிதிப் பணம் பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி, 14 மார்ச் 2013, வியாழக்கிழமை. சரியா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

என்றும் உன் நலம் விழையும்,
ஆம்புரோஸ்


சித்தியவான்
15.2.2025, சனி

வலேரி அப்பாவுக்கு,

அகதா எழுதுறது. நானும் வலேரியும் சுகம். அவளுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீன்ல வேலை அப்படியே போகுது. நான் வீட்ல மூணு பிள்ளைங்கள பாத்துக்கிறேன், அம்மாமாருங்க வேலைக்குப் போறவங்க. உங்க கடிதம் 10ஆம் தேதி வந்துச்சு. நீங்க குறை சொல்லுவீங்கன்னுதான் மேலேயே தேதி போட்டிருக்கேன். கிழமையும் போட்டிருக்கேன்.

பதினெட்டாயிரத்து நானூறு இல்ல. நானூத்து அறுபது. தோட்டத்து ஆயாக்கொட்டகையில பதினாறு வருசம் ஊரார் பிள்ளைங்களத் தூக்கினேன், அப்புறம் கையுறை ஃபேக்டரில பதினொரு வருசம் நின்னேன். அந்த அறுபது வெள்ளி உங்களுக்கு எப்படி விட்டுப்போச்சு?

தேதியும் தப்பு. மார்ச் 14 உங்களுக்கு. எனக்கு அது போனது 2014 செப்டம்பர் 3. அன்னிக்குத்தான் சேமநிதி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, “கோசோங் ஆன்ட்டி, ஒன்னும் இல்ல, போன வருசமே எடுத்தாச்சு”ன்னு சொன்னுச்சு. ஒன்றரை வருசம் நான் அது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சந்தைக்குப் போனாக்கூட இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்.

பத்து வருசமா மாசா மாசம் எழுதுறீங்க. மழை, பூசை, தவுக்கே வீட்டு நாய் எல்லாம் எழுதினீங்க. இந்தக் காசப் பத்தி ஒரு எழுத்து இல்ல. இப்ப கவர்மெண்டு கேக்குதுன்னு எழுதுறீங்க.

என் பேர அதுல போடாதீங்க. அந்தக் கம்பெனிக்குப் பக்கத்துலயா என் பேரு? நான் உங்களுக்குப் பொண்டாட்டி, கடன்காரி இல்ல.

மிச்சம் ஆயிரத்து நூறுல வாடகை போக என்ன சாப்பிடுறீங்க?

அகதா


புந்தோங், ஈப்போ
24 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை

அன்புள்ள அகதாவுக்கு,

உன் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது. பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அறுபது வெள்ளி விஷயத்தில் நீ சொன்னதே சரி. திருத்திவிட்டேன். தேதியைப் பொறுத்தவரை, படிவத்தில் ஒரு தேதிக்குத்தான் இடம் இருக்கிறது. நீ சொல்லும் தேதிக்கு அவர்கள் கட்டம் ஒதுக்கவில்லை. இருக்கவேண்டியது அதுதான் என்பதை இரண்டு நாளாக நினைத்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்.

உன் பெயரை விட்டுவிட என்னால் முடியாது. விவிலியத்தின் மேல் கை வைத்து, ‘இவ்வளவுதான், வேறு யாருமில்லை’ என்று சொல்ல வேண்டும். உன்னை விட்டுவிட்டு அப்படிச் சொன்னால் பொய்ச் சத்தியமாகும்.

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சுங்காய்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் வரிசையாக என் மேசைக்கு வருவார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானம் உட்கார்ந்து நான் நிரப்புவேன். ஒருவர்கூட என்ன எழுதினாய் என்று கேட்டதில்லை. ஒருவரிடத்திலும் நான் ஒரு காசு தவறியதுமில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் உன்னிடமும் வெற்றுப் படிவத்தை நீட்டினேன். நீ மீன் அரிந்துகொண்டிருந்தாய். புறங்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு, “கிராணி ஐயா கேட்டா போட வேண்டியதுதானே” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாய். படிவத்தின் மூலையில் மீன் ஈரம் பட்டிருந்தது. வேனுக்கு ஐந்து மாதத் தவணை நின்றுபோயிருந்தது. மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிட்டு உனக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் செய்யாததை உன்னிடம் செய்தேன். இதை எழுத எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்கும் அரசாங்கப் படிவம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. நீ சொன்னது நியாயம்.

மனுவுக்கான பணத்தை நானே சேர்க்கிறேன். மாதம் இருநூறு என்று வைத்துக்கொண்டால் இவ்வாண்டு நவம்பரில் முடியும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். குறைவில்லை.

அன்புடன்,
ஆம்புரோஸ்


சித்தியவான்
5.3.2025, விபூதிப் புதன்

வலேரி அப்பாவுக்கு,

கடிதத்த வாசிச்சேன். மீன் அரிஞ்சது எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க சொன்னா சரியா இருக்கும்.

பக்கத்து வீட்டு விமலா கண்ணு காட்ட ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வருது. அதுகிட்ட ஆயிரத்து முந்நூறு குடுத்து விடுறேன். எண்ணி வாங்கிக்குங்க. பேங்குல போட்டா அவனுங்க புடிச்சுக்குவானுங்கன்னு வலேரி சொன்னா. நாங்க பத்துப் பொம்பளைங்க மாசா மாசம் காசு போட்டு ஒருத்தர் ஒருத்தரா எடுத்துக்கிற கூட்டு இருக்கு. எனக்கு ஆகஸ்டுல வர வேண்டியத, இந்த மாசம் முறை இருந்த ஷெரில்கிட்டக் கேட்டு மாத்தி இப்பவே எடுத்துட்டேன். துணி துவைக்கிற மெஷின் வாங்கலாம்னு வச்சிருந்தேன். கை இருக்கு, கையாலயே துவைக்கலாம்.

நவம்பர் வரைக்கும் எல்லாம் உங்களால முடியாது.

இது கடன் இல்ல. பட்டியல்ல எழுதாதீங்க.

அப்புறம், சாப்பாடு குறைவில்லைன்னு எழுதியிருக்கீங்க. குறைவான்னு நான் கேக்கல. என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டேன்.

அகதா


புந்தோங், ஈப்போ
14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அகதாவுக்கு,

11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு விமலாவிடமிருந்து பணம் கிடைத்தது. ஐம்பது வெள்ளித் தாள்கள் இருபத்தாறு. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. விமலாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், கைப்பிடித்துப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன்.

இன்று என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்த அதே நாளில் உன் பணத்துக்கு இரண்டாவது முறை நன்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல்முறை நன்றி சொல்லவே இல்லை என்பதால் இதை முதலாவது என்றே கொள்ளலாம்.

கடன் இல்லை என்கிறாய். அப்படியானால் அன்பளிப்பு என்றாகும். அன்பளிப்பையும் மறைக்கக்கூடாது என்றார் தனேஸ்வரன். ஆகவே உன் பெயர் பட்டியலில் இருமுறை வருகிறது. மொத்தம் பத்தொன்பதாயிரத்து எழுநூற்று அறுபது வெள்ளி. “அங்கிள், பேங்க்ரப்ட் ஆவறதுக்கு வாங்குன காச அதே பேங்க்ரப்ட்ல எழுதுற மனுசன நான் பார்த்ததே இல்ல லா” என்று அவர் அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். உன்னை மறுபடியும் எழுதாமல் விடுவதாக இல்லை.

உணவைப் பொறுத்தவரை, தவக்காலமாதலால் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை. மற்ற நாட்களில் வழக்கம்போல.

நன்றியுடன்,
ஆம்புரோஸ்


சித்தியவான்
22.3.2025, சனி

வலேரி அப்பாவுக்கு,

சரி, எழுதுங்க. ரெண்டு தடவ இல்ல, நாலு தடவ எழுதுங்க.

ஆனா எனக்கு ஒரு நகல் வேணும். எல்லாக் கட்டமும் நிரப்பி அனுப்புங்க. வலேரி வாசிச்சுச் சொல்லுவா, மலாய்ல இருக்கிறத எல்லாம் தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேப்பேன். அப்புறம்தான் சரின்னு எழுதுவேன்.

இன்னொன்னு. கடன் குடுத்தவங்களுக்கு ஆபீஸ்லேர்ந்து கடிதம் வருமாமே? என்னையும் கூப்பிடுவாங்களா? வழக்கம்போலன்னா என்னன்னு எழுத உங்களுக்கு மனசு வராதபோது நான் யாரத்தான் கேக்குறது.

அகதா


புந்தோங், ஈப்போ
23 ஜூன் 2025, திங்கட்கிழமை

அன்புள்ள அகதாவுக்கு,

கடந்த 19ஆம் தேதி வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் திவாலானவன் என்று அறிவிக்கப்பட்டேன். ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முழுக்கைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் இருபத்தொன்பது வயதுப் பையன், அவன்தான் அழுதான். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

இனி அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. எங்கே போகப்போகிறேன். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். வருமானத்தை எழுதிக் காட்ட வேண்டும். ஜூன் சம்பளத்திலிருந்து பிடித்தம் நிற்கிறது. மாதம் எவ்வளவு நான் கட்ட வேண்டும் என்பதை அதிகாரி பிறகு முடிவு செய்வார். எழுபது அல்லது எண்பது வெள்ளிக்குள் இருக்கும் என்று தனேஸ்வரன் எதிர்பார்க்கிறார். அறுநூறோடு ஒப்பிட்டால் மூச்சு விடலாம். உன் ஆயிரத்து முந்நூறு இல்லாவிட்டால் இது நவம்பரிலும் நடந்திருக்காது. நான் சொன்ன இருநூறு எந்த மாதமும் மிஞ்சவில்லை. கட்டணத்துக்குக் குறைந்ததைத் தவுக்கே முன்பணமாகத் தந்தார். அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடன் கொடுத்தோர் கூட்டம் ஜூலை 24, வியாழக்கிழமை காலை பத்து மணி. உனக்கும் கடிதம் வரும். சித்தியவானிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், வெயில் வேறு. நீ வராவிட்டாலும் உன் உரிமை எதுவும் போகாது என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆகவே சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்,
ஆம்புரோஸ்


புந்தோங், ஈப்போ
25 ஜூலை 2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அகதாவுக்கு,

நேற்று நடந்ததை நீயும் அறிவாய். இருந்தாலும் நான் எழுத வேண்டியது ஒன்று இருப்பதால் ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

அந்த அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு ஒருவரும் இல்லை. கடன் நிறுவனம் ஆள் அனுப்பவில்லை. தவுக்கே கடையை விட்டு வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். பத்து ஏழுக்குக் கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். வலேரி வெளியே நின்றுவிட்டாள். உன்னைக் கடைசியாகப் பார்த்துப் பத்து ஆண்டு, பத்து மாதம், பதினாறு நாள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாய். தலை முழுதும் வெளுத்திருக்கிறது. யாரும் இதை எனக்கு எழுதியதில்லை.

அதிகாரி சின்னப் பெண். பங்கிட்டுக் கொடுக்க எதுவும் இல்லை என்பதை மலாயில் மூன்று விதமாக உனக்கு விளக்கினாள், நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். கடனாளியிடம் கேட்க ஏதாவது உண்டா என்றாள். பெரும்பாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை போலிருக்கிறது, கோப்பை மூடத் தொடங்கிவிட்டாள். நீ எழுந்து நின்றாய்.

“ஒன்னே ஒன்னு புவான். இவரு என்ன சாப்பிடுறாரு?”

அவளுக்குப் புரியவில்லை. உன் மலாய் நன்றாகத்தான் இருந்தது.

“லெட்டர்ல மூணு தடவ கேட்டேன், பதில் இல்ல. இங்கன்னா உண்மைய சொல்லித்தானே ஆகணும்?”

அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன், சோறு, கறி, காய்கறி என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் வெளியே வந்தபோது வலேரியும் இல்லை.

அகதா, நேற்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய். சரியானது வருமாறு.

டிசம்பர் 23 முதல், காலையில் பால் இல்லாத காப்பி, நான்கு பிஸ்கட். திங்களும் வியாழனும் தவுக்கேயின் மனைவி மத்தியானம் பொட்டலம் தருகிறார். மற்ற நாட்களில் மத்தியானம் இல்லை. இரவில் நகரத்துக்குள் இருக்கும் சீக்கியர் கோயிலுக்கு நடந்து போகிறேன். ரொட்டியும் பருப்பும் போடுகிறார்கள். தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நீ யார், ஏன் வந்தாய் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்து நம் கோயில் மண்டபத்தில் அரிசிச் சேமியா பீகூன். எடை அறுபத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு. இனிப்பு நீர் வியாதிக்கான மாத்திரை தவறவில்லை, அதை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று மருத்துவமனையில் திட்டினார்கள்.

பிடித்தம் நின்ற பிறகும் ஏன் இப்படி என்று கேட்பாய். உனக்குத் திருப்பித் தருவதற்காக வாரம் ஐம்பது வெள்ளி ஓர் உறையில் போட்டு வந்தேன். நான்கு வாரம், இருநூறு வெள்ளி. நேற்று அந்த உறை என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ போன பிறகு அதிகாரியிடம் கேட்டேன். கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் தனியே கொடுப்பது கூடாது, சொந்த மனைவியானாலும் கூடாது என்றாள். உன்னைப் பட்டியலில் எழுதியதால் உனக்குத் திருப்பித் தரும் வழியை நானே அடைத்துவிட்டேன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். படிவங்களில் முப்பது ஆண்டு உழைத்தவன்.

அப்போது அந்தப் படிவத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இம்முறை நீ கேட்டாய். ஓர் அதிகாரியை வைத்துக்கொண்டுகூடக் கேட்டாய். அப்படியும் என் வாயில் சோறும் கறியும்தான் வந்தது. பசி என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

இந்தத் திருத்தத்தின் நகல் ஒன்றை இன்று காலையே அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உன்,
ஆம்புரோஸ்


சித்தியவான்
1.8.2025, வெள்ளி

வலேரி அப்பாவுக்கு,

உங்க கடிதம் 29ஆம் தேதி வந்துச்சு. நான் ரெண்டு தடவ வாசிச்சேன். வலேரி ஒரு தடவதான் வாசிச்சா, அப்புறம் துணி காயப்போடுறேன்னு வெளியே போயிட்டா. காயப்போட ஒன்னும் இல்ல.

ஆபீசருக்கும் அனுப்பினீங்களா? அந்தப் பொண்ணு பாவம், என்னன்னு கோப்புல வச்சிருக்கும்.

அன்னிக்கு நான் கோவத்துல போகல. உங்க சட்டை காலர் கழுத்துலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி நின்னுச்சு. அதப் பாத்துக்கிட்டு அங்க உக்கார முடியல.

அந்த இருநூறு எனக்கு வேணாம். குடுத்தா உங்களத்தான் புடிப்பாங்க. அது உங்க சம்பளம். அரிசி வாங்குங்க, முட்டை வாங்குங்க. காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க, புந்தோங்ல இட்லிக்குப் பஞ்சமா. சீக்கியக் கோயிலுக்குப் போறத விட வேணாம். சாப்பாடு போட்டவங்க அவங்க, தட்டுக் கழுவுறது நல்லதுதான்.

இங்க வந்து இருக்கிறதப் பத்தி நான் ஒன்னும் எழுதல. அது வேற பேச்சு, அதுக்கு எனக்கு இன்னும் நாள் வேணும். எத்தனை நாள்னு தேதி கேக்காதீங்க.

ஆனா 9ஆம் தேதி சனிக்கிழமை பிள்ளைங்க யாரும் வரல. வலேரிக்கும் லீவு, பந்தாய் ரெமிசுக்கு மீன் வாங்கப் போறா. மொத பஸ் ஈப்போலேர்ந்து எட்டு மணிக்கு. மத்தியானத்துக்கு மூணு பேருக்கு அரிசி போடுவேன். மிச்சம் ஆகக்கூடாது.

அகதா